பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? – வாசகர் கேள்வி பதில்

மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வேற்று மொழி, வேற்று வழிபாடு, வேற்றுத் தொழில் உள்ள இடங்களுக்கு வகுப்போடு கூட்டிப் போவது பற்றிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

யு.கே.ஜி.யில் 32 பிள்ளைகள். கோனியம்மன் கோயில், ஒப்பணக்காரத் தெரு அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல், பெரிய கடைவீதி புனித மைக்கேல் தேவாலயம் மூன்றும் கிட்டக் கிட்ட இருப்பதால், ஒரே காலையில் மூன்றையும் காட்டிவிடலாம் என்கிறது எங்கள் நிர்வாகம். சரிப்படுமா?
– ஆசிரியை, கோவை

சரிப்படாதுங்க. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு காலையில் ஒரு இடம்தான். 32 பேருக்குச் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, வரிசைக்குக் கொண்டுவரவே இருபது நிமிடம் போய்விடும். மூன்று இடம் என்றால் வீட்டுக்குப் போய்ச் செருப்பையும் ரோட்டையும் பற்றித்தான் பேசுவார்கள். ஆண்டுக்கு மூன்று பயணமாகப் பிரியுங்கள். போகும் வழி அதுவாகவே இருக்கட்டும்; இரண்டாம் முறை போகும்போது, "போன தடவை இங்கதானே வந்தோம்" என்று பிள்ளைகளே காட்டுவார்கள். பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் ஒரே தெருக்கூட்டத்துக்குள் இருப்பது அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபடும்.

பள்ளிவாசல் பயணத்தை எப்படி நடத்துவது என்று முழுதாகச் சொல்கிறோம். மற்ற இரண்டுக்கும் இதே முறைதான்.

இரண்டு வாரத்துக்கு முன்பே தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஜமாஅத் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, பெரியவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ தொழுகைக் கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் காலை 10 மணியிலிருந்து 11 மணிக்குள் முடித்துவிட்டால் மதியத் தொழுகைக்கு இடைஞ்சல் இல்லை. நோன்பு மாதத்தில் அவர்களாக அழைத்தாலொழியப் போகாதீர்கள்.

பிறகு இரண்டு ஆசிரியைகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பயணம் எந்தக் கிழமை, எந்த நேரமோ அதே கிழமை, அதே நேரத்தில் போனால்தான் போக்குவரத்து எப்படி இருக்கும் என்று தெரியும். பெண் ஆசிரியைகளும் பெண் பிள்ளைகளும் எதுவரை வரலாம், பிள்ளைகள் போக கழிப்பறை எங்கே, படம் எடுக்கலாமா, யார் பேசுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளு செய்யும் இடம் குழாயா, திறந்த தொட்டியா என்பதைக் கட்டாயம் பாருங்கள். தொட்டி என்றால் ஒரு பெரியவர் வேறு வேலை பார்க்காமல் அங்கேயே நிற்க வேண்டும்.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வைத்தால் 32 பேருக்கு ஏழு பேர் வேண்டும். ஆசிரியைகள் போதாவிட்டால் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரும் தன் பிள்ளை இருக்கும் குழுவுக்குப் போகக் கூடாது. எட்டெட்டுப் பேராக நான்கு குழு. ஒரு குழு கால் கழுவும் இடத்தில், ஒன்று தொழுகை வரிசை போட்டிருக்கும் இடத்தில், ஒன்று அரபி எழுத்தும் தமிழ் எழுத்தும் சேர்ந்திருக்கும் அறிவிப்புப் பலகை முன்னால், ஒன்று தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம். எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாறலாம். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசவைத்தால் பத்தாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிடும்.

ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே, "ஐந்து நிமிடம் போதுங்க, மீதி நேரம் பிள்ளைகள் கேட்பார்கள்" என்று சொல்லிவையுங்கள். பிள்ளைகள் கேட்பதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஏனுங்க இங்க சாமி சிலையே இல்லை?", "மைக்குல கூப்பிடறது நீங்கதானுங்களா?", "எல்லாரும் ஏன் ஒரே பக்கமாப் பார்க்கறாங்க?" மெக்கா நமக்கு மேற்கே இருக்கிறது என்பதை உலக உருண்டையில் முதல் நாளே காட்டியிருந்தால், மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஆசிரியை வாய் திறக்கக் கூடாது. "எல்லாச் சாமியும் ஒண்ணுதான் கண்ணுங்களா" என்று சொல்லி முடித்துவைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படிச் சொன்னதும் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அழைத்துப் பேசுகிறவருக்கும் அது உடன்பாடாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேறாக இருப்பது வேறாகவே இருக்கட்டும். வேறாக இருக்கிறவர் நம்மை வரவேற்று, பெயர் கேட்டு, தண்ணீர் கொடுத்தார் என்பதைப் பிள்ளை பார்த்தால் போதும்.

மாசியில் கோனியம்மன் தேர் ஒப்பணக்காரத் தெரு வழியாக வரும்போது, பள்ளிவாசல் முன்னால் பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதுண்டு. தேரன்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், நெரிசல் தாங்காது. அடுத்த நாள் வகுப்பில் அதைச் சொல்லுங்கள். தெருவைப் பார்த்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

தேவாலயத்துக்கு ஞாயிறு காலை தவிர்த்து வேறு நாள் கேளுங்கள். இன்னும் இரண்டு பயணம் போக முடிந்தால் கோவையில் சமணக் கோயில்களும் குருத்வாராவும் உண்டு. சமணக் கோயிலுக்குத் தோல் பெல்ட், தோல் பர்ஸ் கொண்டுபோகக் கூடாது. குருத்வாராவில் ஆண், பெண் எல்லாரும் தலையை மூட வேண்டும். 32 கைக்குட்டை பள்ளியிலேயே எடுத்துவையுங்கள். அங்கே எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் லங்கர் என்ற பொதுப் பந்தியைப் பார்ப்பதே, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆயிரம் வார்த்தை சொல்லும்.

இரண்டு பெற்றோர், "எங்க பையனை வேற சாமி கும்பிடற இடத்துக்கு அனுப்ப மாட்டோம்" என்கிறார்கள். என்ன செய்வது?
– தாளாளர், பெருந்துறை

வற்புறுத்த வேண்டாம். அந்தப் பிள்ளையைத் தனியாக வகுப்பில் உட்காரவைத்துத் தண்டிக்கவும் வேண்டாம். கடிதத்தில் மூன்று வரி தெளிவாக இருந்தால் பாதி எதிர்ப்பு குறையும்: பிள்ளைகள் பார்ப்பார்கள், கேட்பார்கள்; எந்த வழிபாட்டிலும் கலந்துகொள்ள மாட்டார்கள்; திருநீறு, குங்குமம், தீர்த்தம், அப்பம், இனிப்பு எதுவும் அங்கே வைத்துக் கொடுக்கப்பட மாட்டாது. இந்த மூன்றாவது வரி எல்லா இடத்துக்கும், நம் கோயிலுக்கும் பொருந்த வேண்டும். கோயிலில் மட்டும் எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டு மற்ற இடத்தில் விதி பேசினால், வகுப்பில் இருக்கும் ஒரு முஸ்லிம் பிள்ளையின் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. மறுத்த பெற்றோரையே துணைக்கு வரச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் வருவார்கள்.

எங்களுடையது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. வண்டிக்குப் பணம் இல்லை. மூன்றாம் வகுப்பில் 18 பேர். பக்கத்தில் பவானிதான்.
– ஆசிரியர், அம்மாபேட்டை வட்டாரம்

பவானியே போதும். டவுன் பஸ்ஸில் போய் வரலாம். 9 மணிக்கு முந்தைய கூட்டத்தை மட்டும் தவிருங்கள்.

முதலில் ஜமக்காளத் தறி. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நெசவு கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் தறி ஓடும் வீடு ஒன்றைச் சொல்வார்கள். தறியடியில் இடம் குறுகலாக இருக்கும், எனவே ஆறு ஆறு பேராக உள்ளே விடுங்கள். மற்ற பன்னிரண்டு பேருக்கு வாசலில் வேலை வேண்டும்: ஒரு அட்டையில் எட்டு இடத்தில் வெட்டி நெடுக்காக நூல் கட்டிப் பாவு போட்டுக் கொண்டுபோங்கள், கலர் நூலைக் குறுக்கே ஊடையாக ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விடட்டும். கையால் செய்துவிட்டு உள்ளே போன பிள்ளை, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஏன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது, மிதியை மிதித்தால் பாவு ஏன் பிரிகிறது என்று தானே கண்டுபிடிக்கும். செய்யாமல் போன பிள்ளை சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வரும். குழித்தறியின் குழிப்பக்கம் ஒரு பெரியவர் நிற்கட்டும்.

நெசவாளரின் நேரம் கூலி. 18 பிள்ளைகள் வந்து போக ஒன்றரை மணி நேரம் தறி நின்றால் அவருக்கு அன்றைய வருமானத்தில் துண்டு விழும். அதைப் பேசிக் கொடுத்துவிடுங்கள், "பள்ளிக்கூடப் பிள்ளைகள்தானே" என்று இலவசமாகக் கேட்காதீர்கள். அவரை "அண்ணா", "அக்கா", "ஐயா" என்று எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்றை மறக்காதீர்கள். அந்த வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள். ஆசிரியர் முதல் ஆளாக வாங்கிக் குடிக்க வேண்டும். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்ற பேச்சு நம் பக்கத்து ஊர்களில் இன்னும் அடங்கவில்லை, எட்டு வயதுப் பிள்ளை அதைக் காதில் வாங்கியிருக்கும். "கொண்டுவந்த பாட்டில் இருக்குதுங்க" என்று ஆசிரியர் ஒதுங்கினால், அன்று கற்றுக்கொடுத்த மற்ற எல்லாமும் வீண். அதே காரணத்துக்காக வீட்டாரிடமோ பிள்ளைகளிடமோ "நீங்க என்ன ஆளுங்க" என்ற கேள்வி எந்த வடிவத்திலும் வரக் கூடாது.

பிறகு சங்கமேஸ்வரர் கோயில். 1804-இல் கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்ற ஆங்கிலேயர் வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் அங்கே இருக்கிறது. எங்கேயோ பிறந்து வேறு மதத்தில் வளர்ந்த ஒருவர், நம் ஊர் அம்மனுக்குக் கட்டில் செய்து கொடுத்தார் என்பது மூன்றாம் வகுப்புக்கு அருமையான செய்தி. கட்டிலைப் பார்க்க முடியுமா என்று கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறுகள் சேரும் கூடுதுறைப் படிக்கட்டுக்குப் பிள்ளைகளை இறக்காதீர்கள். தண்ணீர் ஓட்டம் மட்டுமல்ல காரணம். அங்கே தர்ப்பணமும் ஈமக் காரியமும் செய்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய துக்கத்தைச் சுற்றி 18 பிள்ளைகள் நின்று பார்ப்பது முறையல்ல. அமாவாசையன்று பவானிப் பக்கமே போக வேண்டாம்.

ஆனைகட்டிப் பக்கம் இருளர் பழங்குடி ஊருக்கு நான்காம் வகுப்பைக் கூட்டிப் போக ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் பேசுகிறார். நடனம், உணவு, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு தொகை. போகலாமா?
– பெற்றோர்-ஆசிரியர் கழகம், துடியலூர்

வேண்டாம். பஸ்ஸில் வந்து இறங்கி, அவர்களை ஆடச் சொல்லிப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு ஏறினால், மனிதர்களை வேடிக்கை பார்க்கத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்த ஊர்ப் பிள்ளைகளும் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்கள். உங்கள் பள்ளியிலிருந்து 40 பேர் வந்து அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் மாற்றி நினைத்துப் பாருங்கள்.

அதற்குப் பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரியின் ஆறு பழங்குடிகள் பற்றியும் அங்கே தெரிந்துகொள்ளலாம். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டம் போட்ட துணியும் மழுங்கிய ஊசியும் கொடுத்தால், நூலை எண்ணி எண்ணித் தைப்பது எவ்வளவு கடினம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊட்டிக்கு வண்டி போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டது, மறக்காமல் எடுங்கள்.

இரண்டாவது வழி, பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு வனக்காவலரையோ, செவிலியரையோ, ஆசிரியரையோ, தேன் எடுப்பவரையோ பள்ளிக்கு அழைத்துப் பேசவைப்பது. போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் கொடுங்கள். அவர் தன் வேலையைப் பற்றிப் பேசட்டும். "உங்க பாட்டு ஒண்ணு பாடுங்க" என்று கேட்காதீர்கள். அவராகப் பாடினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் ஏழு பேர். அவர்கள் பண்பாட்டை மற்ற பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பனியன் கம்பெனிக்கும் அவர்கள் குடியிருப்புக்கும் போகலாமா?
– ஆசிரியை, திருப்பூர்

பனியன் கம்பெனிக்குள் சின்னப் பிள்ளைகளை விடத் தயங்குவார்கள். தையல் வரிசையில் ஒரு சிறு பிள்ளை நிற்கும் படம் வெளியே போனால், குழந்தைத் தொழிலாளர் தணிக்கையில் கேள்வி வரும். அது நியாயமான தயக்கம், வற்புறுத்தாதீர்கள். குடியிருப்புக்கும் வேண்டாம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டை வகுப்பே வந்து பார்த்தால், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரக் கூசும். பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "இவன் ஊர் பத்திச் சொல்லுவான்" என்பதும் கூடாது. அவனுக்கு அவன் ஊர் நினைவே இல்லாமலும் இருக்கலாம், திருப்பூரிலேயே பிறந்திருப்பான்.

சமையலில் தொடங்குங்கள். ஒடிசாவில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துப் புளிக்கவிட்டுச் சாப்பிடும் பகாளம், நம் பழைய சோறுதான். வேலை இல்லாத நாள் எது என்று கேட்டு ஒரு தாயை அழையுங்கள். அவரோடு உள்ளூர்ப் பாட்டி ஒருவரையும் அழையுங்கள். முதல் நாள் சாயங்காலம் இரண்டு சட்டியில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலை ஒன்றில் அவர்கள் வழக்கப்படி தயிரும் தாளிப்பும், இன்னொன்றில் நம் வழக்கப்படி மோரும் சின்ன வெங்காயமும். ஒரு பிள்ளைக்கு இரண்டு கரண்டி போதும். வெயில் காலத்தில் இரவு முழுக்க வைத்தால் புளிப்பு ஏறிவிடும், காலை 9 மணிக்குள் முடியுங்கள். பால், கடலை ஒவ்வாத பிள்ளைகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். "எது நல்லா இருக்கு?" என்று ஓட்டுப் போடவைக்காதீர்கள். எதில் என்ன போட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

அதன் பிறகு பயணம் வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்குப் போங்கள். பெயர்ப்பலகையில் எத்தனை எழுத்து, அறிவிப்பு எத்தனை மொழியில், எந்த ஊர் வண்டிகள் நிற்கின்றன என்று பார்க்க இரண்டு மணி நேரம் தாராளம். நடைமேடைச் சீட்டும் நிலைய மேலாளரின் அனுமதியும் வேண்டும். மஞ்சள் கோட்டுக்கு ஐந்தடி இந்தப் பக்கம் ஒரு கயிறு பிடித்து, எல்லாரும் அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

உடுமலைப் பக்கம் சலகெருது ஆட்டம் காட்டலாமா?
– ஒரு தாய், உடுமலைப்பேட்டை

கட்டாயம் காட்டலாம். வீட்டில் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்கள் உறுமி அடித்து மாட்டோடு ஆடும் ஆட்டம் அது. பொங்கலையொட்டி சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில் பக்கமும் களைகட்டும். ஆனால் திருவிழாக் கூட்டத்துக்குள் வேண்டாம், அதற்கு முந்தைய நாட்களில் ஊரில் பழகும்போது போங்கள். மாட்டிலிருந்து முப்பது அடி தள்ளியே நில்லுங்கள், படபடக்கும் துணி, பலூன் எதுவும் வேண்டாம். உறுமிச் சத்தத்துக்கு மூன்று வயதுப் பிள்ளை அழலாம். காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். அவர்களே ஆடும் இன்னொரு ஆட்டமான தேவராட்டத்தின் முதல் இரண்டு அடவை ஆடுகிறவரையே கற்றுக்கொடுக்கக் கேளுங்கள்.

கொடுமணல் போகலாமா?
– ஆசிரியர், சென்னிமலை

ஐந்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். பழங்காலத்தில் நொய்யல் கரையில் கல்மணி செய்து கடல் கடந்து விற்ற ஊர்தான், ஆனால் அகழாய்வுக் குழிகள் மூடியபின் பிள்ளை கண்ணுக்குக் காடும் மேடும்தான் தெரியும். அதைவிட விஜயமங்கலம் சந்திரப்பிரபா சமணக் கோயில் நல்லது. கல்லில் உட்கார்ந்திருக்கும் சமண குருவான தீர்த்தங்கரரைக் கண்ணால் பார்க்கலாம், கொங்கில் சமணர்கள் எவ்வளவு காலமாக வாழ்ந்தார்கள் என்று பேசலாம். பூட்டியிருக்கக்கூடும், திறந்துவிடுபவரை முன்பே பிடியுங்கள். ஈரோடு வ.உ.சி. பூங்காவில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு எந்தக் கிழமை விடுமுறை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன இடத்தில் ஒரு பிள்ளை சத்தமாக, "சீ, இங்க ஒரு மாதிரி வாசம் அடிக்குது" என்று சொல்லிவிட்டது. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.
– ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

அதட்டாதீர்கள். அதட்டினால் வாசத்தைச் சொன்னது தப்பு, நினைத்தது தப்பில்லை என்று ஆகிவிடும். "ஆமா, புது வாசம். எதிலிருந்து வருதுன்னு கேட்கலாமா?" என்று வீட்டாரையே கேட்கவையுங்கள். சாம்பிராணியோ, கடுகெண்ணெயோ, தோலோ, அவர் சொல்வார். "சீ" என்ற சொல்லைப் பற்றி மட்டும் திரும்பி வந்த பிறகு தனியாகப் பேசுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். வீட்டாரிடம் ஆசிரியை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட வேண்டும், பிள்ளை காதில் விழும்படி.

திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்வதா, படம் வரையச் சொல்வதா?
– ஆசிரியை, தாராபுரம்

இரண்டும் அன்று வேண்டாம், களைத்திருப்பார்கள். மறுநாள் காலை வட்டமாக உட்காரவைத்து, "யாரைப் பார்த்தோம்? அவர் பெயர் என்ன? என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியவில்லை என்றால் அடுத்த பயணத்தில் பேச்சைக் குறைத்து, அறிமுகத்துக்கு நேரம் கூட்டுங்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு நன்றிக் கடிதம். எழுதத் தெரியாத பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதலாம், ஓரத்தில் அவர்கள் படம் போடலாம். அதைத் தபாலில் அனுப்பாமல் இரண்டு பிள்ளைகளோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு அவரையும் அழையுங்கள். முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.